டம்டம் முதல் சேசாசலம் வரை: குண்டின் வேகமும் உடலின் சாட்சியமும்

ஏப்ரல் 7 நினைவு நாளை ஒட்டி ஜமுனாமரத்தூரில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். 2015இல் சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, எங்க தாத்தா நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தாரு. அதுல அடிபட்ட காட்டுப்பன்னி ரெண்டு பர்லாங்கு ஓடித்தான் விழும். சில சமயம் விழவே விழாது. போலீசு சுட்டா மட்டும் எப்படிண்ணா இருபது பேரும் செத்தாங்க? ஒருத்தர்கூட காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வரலியே?"

பக்கத்தில் இருந்த இன்னொருவர் சொன்னார்: "அது ஏகே 47ரா. பட்டா அவ்வளவுதான்."

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். சினிமா அப்படிக் காட்டியிருக்கிறது. ஆனால் முதல் இளைஞரின் கேள்விதான் சரியான கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. ஊருக்கு வந்து, படித்ததையும் ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். துப்பாக்கி மேல் ஆசை வைத்தவர்களுக்கான கட்டுரை அல்ல இது. எப்போதும் குழலுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தப்படுகிற மக்களின் பிள்ளைகள், ஒரு குண்டு உடலுக்குள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுவது.

தாத்தாவின் துப்பாக்கியிலிருந்தே தொடங்குவோம். ஜவ்வாது மலையில் ஒரு தலைமுறைக்கு முன் பல வீடுகளில் அது இருந்தது. இப்போதும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள், வழக்கு போடமாட்டோம் என்று காவல்துறை அவ்வப்போது மலை ஊர்களில் அறிவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயக்குண்டையும் போட்டு இடித்துக் கெட்டிப்பது. குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். உருண்டைக் குண்டு நொடிக்கு 300 மீட்டர் அளவில் கிளம்பினாலும் காற்று அதைச் சீக்கிரமே மட்டுப்படுத்திவிடும். உடலில் நுழைந்தால் தன் தடிமனுக்கு ஒரு துளை போடும், பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். பன்றி ஓடியதன் காரணம் இதுதான்.

இப்போது பள்ளியில் படித்த இயற்பியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பொருளின் ஆற்றல் என்பது அதன் நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. எடையை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 360 மீட்டர் வேகம், ஆற்றல் சுமார் 500 ஜூல். ஏகே 47இன் குண்டும் ஏறத்தாழ அதே 8 கிராம்தான். வேகம் 715 மீட்டர். ஆற்றல் 2000 ஜூல். எடை மாறவில்லை, வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு. நம் ஊர்க் காவலர் தோளில் பார்த்திருக்கும் எஸ்.எல்.ஆர். இன்னும் மேலே போகிறது: ஒன்பதரை கிராம், 840 மீட்டர், 3300 ஜூலுக்கும் மேல்.

வேகம்தான் எல்லாம் என்றால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆற்றல் இருப்பது வேறு, அதை உடலில் இறக்கிவைப்பது வேறு. ஒரு குண்டு 3000 ஜூலோடு மார்பில் நுழைந்து 2500 ஜூலோடு முதுகு வழியாக வெளியேறினால் உடல் வாங்கிக்கொண்டது 500தான். இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. நம் நாட்டு எல்லையில் சுட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள். அந்தக் கதைக்குக் கல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம் என்ற ஊருக்குப் போகவேண்டும்.

டம்டம் நம் வரலாற்றில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை 1857 ஜனவரி. அங்கிருந்த படைக்கலச் சாலையில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நீ தொட்டால் என் சொம்பு தீட்டாகிவிடும் என்றான் சிப்பாய். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப்போகிற உனக்கு எதுக்கப்பா தீட்டு என்று திருப்பிக் கேட்டார் தொழிலாளி. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிதங்களிலேயே பதிவான நிகழ்ச்சி. வட இந்தியத் தலித் இயக்கங்கள் அவரை மாதாதீன் பங்கி என்ற பெயரால் கொண்டாடுகின்றன. நம் பாடப்புத்தகத்தில் கொழுப்பு இருக்கிறது, அவர் இல்லை.

அந்தத் தோட்டாவே ஒரு புதிய வடிவமைப்புதான். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது. உருண்டைக்குப் பதிலாகக் கூம்பு வடிவ ஈயக்குண்டு. அடியில் குழிவு இருக்கும். வெடித்ததும் அந்தக் குழிவு விரிந்து, குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள் காடிகளைப் பிடித்துக்கொண்டு சுழன்று கிளம்பும். பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு நெடுந்தூரம் நேராகப் போகும். வேகம் பெரிதில்லை, நொடிக்கு 280 மீட்டர் அளவு. ஆனால் 34 கிராம் எடையுள்ள மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் சப்பையாகி அதை நொறுக்கிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுத்தெடுக்கப்பட்ட கைகால்களுக்கெல்லாம் இந்த வகைக் குண்டே முக்கியக் காரணம்.

1857க்குப் பிறகு வெள்ளை அரசு செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் காடி வெட்டாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளைக் கொடுத்தது. பின்னாளில் காவல்துறைக்கென்று .303 துப்பாக்கியின் குழலை அகலப்படுத்தி, காடியில்லாத .410 மஸ்கட்டைச் செய்து கொடுத்தது. கூட்டத்தைக் கலைக்கப் போதும், திருப்பிப் பிடித்தால் பட்டாளத்தோடு மோதப் போதாது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நம் காவல் நிலையங்களில் அந்த மஸ்கட் இருந்தது. ஆக, யார் கையில் எந்தக் குழல், யார் உடலுக்கு எந்தக் குண்டு என்பதைத் தொடக்கத்திலிருந்தே அரசு யோசித்துத்தான் முடிவு செய்தது.

டம்டம் இரண்டாம் முறை வருவது 1890களில். அதற்குள் ஐரோப்பாவில் புகையில்லா வெடிமருந்து வந்துவிட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி 31 கிராம் ஈயத்தை 410 மீட்டர் வேகத்தில் தள்ளியது. புதிய லீ மெட்ஃபோர்டு 14 கிராம் குண்டை 600 மீட்டர் வேகத்தில் தள்ளியது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலுக்குள்ளேயே வழிந்துவிடும். அதனால் ஈயத்தைச் சுற்றிக் கெட்டியான உலோக உறை போட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டின் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே, 2500 ஜூல் சுற்றி. ஆனால் 1895இல் சித்ரால் படையெடுப்பில் இறங்கிய சிப்பாய்கள் குறைசொன்னார்கள்: குண்டு பட்ட பட்டாணியர் விழாமல் ஓடி வருகிறார்கள். கெட்டி உறை போட்ட ஒல்லிக் குண்டு ஊசிபோல நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது, ஆற்றலையும் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் டம்டம் ஆயுதச்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் பெர்ட்டி கிளே. மிக எளிய வேலை. குண்டின் முனையில் மட்டும் உறையைக் கொஞ்சம் குறைத்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஈயத்தை வெளியே தெரியவிட்டார். அவ்வளவுதான். அதே எடை, அதே வேகம், அதே துப்பாக்கி. உடலில் நுழைந்ததும் மெத்தென்ற முனை காளான்போல விரியும், முன்பக்கம் அகலமாகும், உடலுக்குள்ளேயே நிற்க முயலும். கொண்டுவந்த ஆற்றல் முழுவதும் சதையிலும் எலும்பிலும் இறங்கும். 1897–98இல் திரா படையெடுப்பில் அப்ரிதி மக்கள் மேல் இதைப் பயன்படுத்தினார்கள். அடுத்து முனையில் குழிவிட்ட குண்டு இங்கிலாந்திலேயே செய்யப்பட்டு, 1898இல் சூடானில் ஓம்துர்மான் போரில் பயன்பட்டது.

பிறகு 1899இல் ஹேக் மாநாடு. உடலுக்குள் விரியும் குண்டுகளைத் தடைசெய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் தரப்பில் சர் ஜான் ஆர்டா வைத்த வாதத்தை ஒவ்வொரு இளம் செயல்பாட்டாளரும் படிக்கவேண்டும். அதன் சாரம் இது: நாகரிகமடைந்த நாட்டுச் சிப்பாய் சிறு குண்டு பட்டாலே தனக்குக் காயம் என்று தெரிந்து விலகிவிடுவான். காட்டுமிராண்டி அப்படியில்லை, இரண்டு மூன்று முறை துளைத்தாலும் ஓடிவந்து தலையை வெட்டுவான். அவனுக்கு வேறு குண்டு வேண்டும்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. "அவனுங்களுக்கெல்லாம் லேசா தட்டினா ஒறைக்காது" என்று எந்தக் காவல் நிலையத்திலும் எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் கேட்டிருக்கிறோம். வலி தெரியாத உடம்பு, அடிக்குப் பழகிய உடம்பு, உழைக்கவும் அடிபடவும் செய்த உடம்பு என்று ஒரு சாதியைப் பற்றியோ ஒரு பழங்குடியைப் பற்றியோ நம்புகிறவர்கள், அடியின் அளவையும் அதற்கேற்ப ஏற்றிக்கொள்கிறார்கள். ஹேக்கில் அது ராணுவ விஞ்ஞானமாகப் பேசப்பட்டது, வேறுபாடு அவ்வளவே.

தடை நிறைவேறியது. 1899 ஜூலை 29 தேதியிட்ட பிரகடனம். பிரிட்டன் 1907இல்தான் சேர்ந்தது. ஆனால் அதன் வாசகத்தில் ஒரு பெரிய ஓட்டை: கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே அது பொருந்தும். அப்ரிதிகள் கையெழுத்துப் போட்ட நாடு அல்ல. சொந்தக் குடிமக்கள் மேல் காவல்துறை சுடுவது போரும் அல்ல. இன்றைக்கும் உலகின் பல காவல்துறைகள் விரியும் குண்டுகளைச் சட்டப்படியே வைத்திருக்கின்றன. 1990இல் ஐ.நா. வகுத்த அடிப்படைக் கோட்பாடுகள், தேவையற்ற காயம் உண்டாக்கும் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் காவல்துறை பயன்படுத்தக்கூடாது என்கின்றன. கோட்பாடுதான், கட்டாயமில்லை. 2016இல் காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கிகளால் பார்வை இழந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கொல்லாத ஆயுதம் என்றுதான் அதற்குப் பெயர்.

ராணுவங்களும் சும்மா இருக்கவில்லை. உறையைத் திறந்துவைக்கக்கூடாது என்றுதானே சட்டம்? 1910இல் வந்த .303 மார்க் 7 குண்டைப் பாருங்கள். உறை முழுசாக இருக்கும், முனை கூர்மையாக இருக்கும், வேகம் 740 மீட்டருக்கு ஏறிவிட்டது. ஆனால் உறைக்குள், முன்பகுதியில் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ அடைத்திருப்பார்கள். பின்பக்கம் கனம், முன்பக்கம் லேசு. காற்றில் சுழற்சி அதை நேராக வைத்திருக்கும். காற்றைவிடப் பலநூறு மடங்கு அடர்த்தியான உடலுக்குள் நுழைந்ததும் அந்தச் சுழற்சி போதாது, குண்டு பக்கவாட்டில் புரண்டுவிடும். விரியவில்லை, புரள்கிறது. அதனால் சட்டமும் மீறப்படவில்லை.

உடலுக்குள் நடப்பதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோகர், பிறகு தைராய்டு ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர். தண்ணீர் நிரப்பிய டப்பாக்களில் சுட்டுப் பார்த்தார். காலி டப்பாவில் இரண்டு ஓட்டை, நிறைந்த டப்பாவோ வெடித்துப் பிளந்தது. வேகமான குண்டு முன்னால் இருக்கும் நீர்மத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு, குண்டின் விட்டத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஒரு குகை திறந்து மூடுகிறது. நுரையீரலும் தசையும் ரப்பர்போல விரிந்து சுருங்கித் தாங்கிக்கொள்ளும். கல்லீரலும் மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளையும் தாங்காது, கிழிந்துவிடும். ஒரே குண்டு, ஒரே வேகம். தொடையில் பட்டவர் பிழைப்பதும் ஈரலில் பட்டவர் சாவதும் இதனால்தான்.

நூறாண்டு கழித்து, 1980களில், வியட்நாமில் அறுவை மருத்துவராக இருந்த அமெரிக்கர் மார்ட்டின் ஃபாக்லர், சதையின் அடர்த்தி கொண்ட ஜெலட்டின் கட்டிகளில் ராணுவக் குண்டுகள் ஒவ்வொன்றாகச் சுட்டு அளந்தார். அவர் சொன்னது: வேகத்தை மட்டும் பார்த்து மிரளாதீர்கள், குண்டு எப்போது புரள்கிறது, உடைகிறதா என்று பாருங்கள். எம் 16இன் சிறு குண்டு சுமார் 12 செ.மீ. ஆழத்தில் புரண்டு, நடுவில் உடைந்து சிதறுகிறது. ரஷ்யத் தயாரிப்பு ஏகே 47 குண்டோ உள்ளே எஃகு வைத்தது, அவ்வளவு சுலபமாக உடையாது. சுமார் 25 செ.மீ. ஆழம்வரை நேராகவே போகிறது. ஒரு மனித மார்பின் கனம் அதற்கும் குறைவு. அதாவது, எலும்பிலோ முக்கிய உறுப்பிலோ படாவிட்டால், ஏகே 47 குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், ஆள் பிழைத்துக்கொள்வதும் உண்டு. "பட்டா அவ்வளவுதான்" என்ற தம்பிக்கு இது பதில்.

எஸ்.எல்.ஆர். குண்டு வேறு ரகம். 15 செ.மீ. சுற்றிப் புரளும், வெளியேறும் இடத்தில் பெரிய கிழிசல் போடும். ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் அடிக்கும். ராணுவப் போருக்கென்று செய்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மேல் இந்த ரகமும் பயன்படுத்தப்பட்டது. கூட்டத்தைக் கலைக்க இதை எடுத்துக்கொண்டு போனதிலேயே ஒரு முடிவு இருக்கிறது. துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் நிறுவனம், 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்ததையும், அவர்களில் பாதிப்பேர் பின்னாலிருந்து சுடப்பட்டதையும் எழுதியது. இடுப்புக்குக் கீழே சுடவேண்டும் என்பதே காவல்துறையின் பயிற்சி.

இப்போது முதல் இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். செஞ்சிலுவைச் சங்கத்தில் அறுவை மருத்துவராக இருந்த ராபின் கூப்லண்ட், 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பல போர்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தது. எவ்வளவு நவீனத் துப்பாக்கியாக இருந்தாலும், உண்மையான மோதலில் ஒருவர் செத்தால் குறைந்தது இரண்டு மூன்று பேராவது காயத்தோடு பிழைக்கிறார்கள். ஓடுகிறார்கள், மறைகிறார்கள், கையில் படுகிறது, காலில் படுகிறது. செத்தவர் எண்ணிக்கை காயம்பட்டவரை மிஞ்சினால், சுடப்பட்டவர்கள் அசையமுடியாத நிலையில் இருந்தார்களா, மிக அருகிலிருந்து சுடப்பட்டார்களா என்று சந்தேகிக்க வேண்டும்.

ஜாலியன்வாலா பாகை வைத்துச் சரிபார்க்கலாம். 1919 ஏப்ரல் 13, வெளியேற வழியில்லாத திடல், 50 துப்பாக்கிகள், பத்து நிமிடம், 1650 ரவுண்டு. அரசுக் கணக்கில் 379 பேர் மரணம். காயமடைந்தவர்கள் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம் என்று ஹண்டர் குழுவே மதிப்பிட்டது. சாவு எண்ணிக்கையை அரசு குறைத்தது என்பது வேறு விஷயம். அந்தக் கொலைக்களத்திலும் காயத்தோடு பிழைத்தவர்கள் இருந்தார்கள், செத்தவர்களைவிட அதிகமாகவே இருந்தார்கள்.

சேசாசலத்தில்? ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சொன்ன கதை: நூற்றுக்கும் மேற்பட்டோர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம். விடியற்காலை நேரம், அடர்ந்த காடு, மேடு பள்ளம், கலைந்து ஓடும் கூட்டம். இரண்டு இடங்களில் 20 பேர் பிணமாகக் கிடந்தார்கள். காயம்பட்ட வெட்டுத் தொழிலாளி என்று ஒருவரைக்கூடக் காவல்துறை காட்டவில்லை. எந்த டம்டமும், எந்த எஸ்.எல்.ஆரும், எந்த ஏகே 47உம் இப்படி ஒரு கணக்கைத் தராது. வேகத்தாலோ வடிவத்தாலோ விளக்கமுடியாத ஒன்றுக்குத் தூரத்தைத்தான் கேட்கவேண்டும்: எவ்வளவு அருகிலிருந்து சுட்டீர்கள்? அவர்கள் கைகள் எப்படி இருந்தன? முந்தின நாள் பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பிய தொழிலாளர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னார்கள். அவர்களுடைய வாய்மொழியும் இந்தக் கணக்கும் ஒரே பக்கம் விரல் காட்டுகின்றன.

இறந்தவர்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஊர்களின் பழங்குடியினரும், படவேட்டுப் பக்கத்து அடிவார ஊர்களின் கூலிகளும். சந்தனமரம் வெட்டத் தெரிந்த கைகள் என்பதற்காகவே இந்த மலைகளிலிருந்து செம்மரத்துக்கு ஆள் பிடிக்கப்படுகிறது. சாமையும் புளியும் ஒரு வருடம் சோறு போடாது என்பது முகவர்களுக்குத் தெரியும். மரத்தை வாங்கியவனும் விற்றவனும் அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை.

தூரத்தை யார் சொல்வது? உடல்தான். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். மாடு மீட்கப்போய்ச் செத்தவனின் உருவத்தில் அம்பு எங்கே தைத்தது என்பதையும் சேர்த்துச் செதுக்கியிருக்கும். ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் காயம் எந்தப் பக்கம் என்று நாம் படிக்கமுடிகிறது. உடற்கூராய்வும் அப்படிப்பட்ட பதிவுதான், ஒழுங்காகச் செய்தால்.

குண்டு நுழைந்த இடம் பொதுவாகச் சிறிய வட்டம், சுற்றிலும் தோல் சிராய்த்த வளையம் இருக்கும். வெளியேறிய இடம் ஒழுங்கற்ற கிழிசல், அந்த வளையம் இருக்காது. இரண்டையும் கோடாக இணைத்தால் குண்டு வந்த திசை தெரியும். நின்றவரைச் சுட்டதா, மண்டியிட்டவரை மேலிருந்து சுட்டதா என்று அந்தக் கோட்டின் சாய்வு சொல்லும். குழல் உடலைத் தொட்டிருந்தால் காயத்துக்குள்ளேயே கரியும் புகையும் இருக்கும், தலையில் தொட்டுச் சுட்டால் தோல் நட்சத்திரம்போலக் கிழியும். சில அங்குலத் தூரம் என்றால் முடி கருகி, தோலில் கரி படியும். கை எட்டும் தூரம் என்றால் எரியாத மருந்துத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் தோலில் புள்ளிபுள்ளியாக ஏறியிருக்கும். கழுவினாலும் போகாது. அதற்கும் அப்பால் சுட்டால் இவை எதுவும் இராது. இந்தத் துகள்களில் பெரும்பகுதி சட்டையில்தான் நிற்கும். அதனால்தான் சட்டையைத் தொலைப்பது, குளிப்பாட்டிக் கொடுப்பது, உடனே எரிக்கச் சொல்வது எல்லாம் சாட்சியைக் கொல்வதற்குச் சமம். எக்ஸ்ரே எடுக்காமல் திறந்தால் உள்ளே சிதறிய உலோகத் துணுக்குகள் எங்கே இருந்தன என்பதும் போச்சு. புரளும் குண்டா, உடையும் குண்டா, விரியும் குண்டா என்று அந்தத் துணுக்குகள்தான் சொல்லும். முழுக் குண்டு கிடைத்தால் அதன் மேல் பதிந்த காடித் தடம் எந்தத் துப்பாக்கி என்றே காட்டிக்கொடுக்கும்.

சேசாசலம் நடப்பதற்கு ஆறரை மாதம் முன்பு, 2014 செப்டம்பர் 23 அன்று, பி.யு.சி.எல். தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் மோதல் சாவுகளுக்கு 16 வழிமுறைகளை வகுத்திருந்தது. முதல் தகவல் அறிக்கை, சம்பந்தப்படாத வேறு அமைப்பின் விசாரணை, மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனை, அதன் வீடியோ பதிவு, சுட்டவர்கள் ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைப்பது, குற்றவியல் நடுவர் விசாரணை எல்லாம் அதில் உண்டு. அது காகிதமாகவே இருந்துவிடுமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை திருவண்ணாமலையில் கிடைத்தது. ஆறு குடும்பங்கள் உடல்களை எரிக்க மறுத்தன. உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனைப் பிணவறையில் காத்திருந்தன. சென்னை உயர்நீதிமன்றம், அங்கிருந்து ஐதராபாத் உயர்நீதிமன்றம் என்று அலைந்து, ஐதராபாத்திலிருந்து வந்த மருத்துவர்களைக் கொண்டு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. பதினோரு நாள் பிணத்தை வைத்துக்கொண்டு, சுற்றிலும் ஊர், உறவு, கட்சி, அதிகாரி என எல்லாரும் "முடிச்சிடுங்க" என்று சொல்லும்போது மறுத்து நிற்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற குடும்பங்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்களிடம் இதைச் சொல்ல அந்த முதல் இரண்டு நாளில் ஆள் இல்லை.

மனித உரிமை ஆணையம் சிபிஐ விசாரணையும் குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணமும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இதுவரை ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் அந்த 16 வழிமுறைகளையும் தமிழில் வரிவரியாகப் படிக்கப்போகிறோம். கூடவே, புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194, 196 பிரிவுகளையும். வருகிறவர்கள் தங்கள் ஊரில் நடந்த ஏதாவது ஒரு சந்தேக மரணத்தின் பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல் குடும்பத்திடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் வாங்கியே இருக்கமாட்டார்கள். வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, எழுதிக் கேட்கவேண்டும். கேட்ட தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.